சொத்தை மதிப்பீடு

மதியத் தூக்கம் ஒரு ஏமாற்று வேலை. தூங்கினதாகவும் ஆகாது, விழித்ததாகவும் ஆகாது. அந்த ஏமாற்றில்தான் பெயிண்டர் அன்று வெறும் தரையில் மல்லாந்து கிடந்தார். கனவில் ஒரு சுவர். அடிக்க அடிக்க அடியிலிருந்து ஈரம் ஏறி வருகிறது. வெள்ளை அடித்தால் நீலமாகிறது, நீலம் அடித்தால் தண்ணீராகிறது. பிரஷ்ஷை முக்கினால் வாளியில் ஒன்றுமில்லை, வானம்தான் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கசிந்து வந்தது.

"சொத்தையெல்லாம் எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்டி. ஆமா, மொத்தமா. இன்னைக்கு நாலு மணிக்கு ஆரம்பிக்கறாங்க. உங்கப்பாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா குதிப்பாரு."

அப்புறம் கதவு சாத்துகிற சத்தம். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போய்த் தேய்ந்தது.

அவள் சொன்னது பல்லை. நாலு பல் கெட்டுப் போயிருந்தது. வைத்தியத்துக்கு ஆகும் செலவைக் கேட்டு மலைத்துப்போய், பிடுங்கிப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று கிளம்பிவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகளிடம் அதைத்தான் போனில் சொன்னாள். வாயின் இடது பக்கத்தில் கீழே ஒரு பல் போய்ப் பல வருடம் ஆகிறது. வலது பக்கத்து ஒரே ஒரு கடைவாய்ப்பல்லை வைத்துத்தான் அவள் இத்தனை நாளும் மென்று தின்றாள். இன்றைக்கு அதுவும் போகப் போகிறது. அப்புறம் எதைத் தின்றாலும் விழுங்கத்தான் வேண்டும்.

ஆனால் பெயிண்டருக்குச் சொத்தை என்று காதில் விழுந்தால் பல் ஞாபகம் வராது, சொத்துதான் ஞாபகம் வரும். உலகத்தில் ஒரே ஒரு வீடு வைத்திருக்கிறவனுக்கு அப்படித்தான்.

எழுந்து உட்கார்ந்தார். தலை கனத்தது. கனவு முழுசாக இறங்கவில்லை. கால் தானாகப் பீரோவுக்குப் போனது. மேல் தட்டில் வீட்டுப் பத்திரம் இருந்தது. அது இருந்ததில் ஆச்சரியமில்லை. அதன் மேல் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்ததுதான் ஆச்சரியம். விரித்தார். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் படிப்பார்.

சொத்தை மதிப்பீடு.
கீழ் வலது: ஆழம் அதிகம். வேர் வரை சுத்தம் செய்து மூடுதல். 18,000.
கீழ் இடது: ஒன்று காலி. பாலம், மூன்று அலகு. 24,000.
மேல் இடது: இரண்டு இடம். நிரப்புதல். 3,000.
மேல் வலது: ஆடுகிறது. அகற்றுதல். 1,000.
மொத்தம் 46,000.

அதற்கும் கீழே அவளுடைய கோணல் எழுத்தில்: எல்லாம் எடுத்தால் நாலாயிரம். புதன், நாலு மணி, தபாலாபீஸ் எதிரே, முதல் மாடி.

அந்தக் காகிதத்தில் பல் என்ற சொல்லே இல்லை. பல் ஆஸ்பத்திரிச் சீட்டில் பல் என்று எதற்கு எழுதுவார்கள்? பெயிண்டர் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் பொருந்தி வந்தது. கீழ் வலது, குளியலறைப் பக்கம், கழிவுத் தொட்டியின் ஆழம் அதிகம்தான். கீழ் இடது, சந்துப் பக்கமாக ஒரு துண்டு நிலம் காலியாகத்தான் கிடக்கிறது. மேல் வலது, மொட்டை மாடியில் அவரே தன் கையால் எழுப்பிய அறையின் சுவர் ஆடுகிறது. எவனோ வீட்டுக்குள் வந்து இஞ்ச் இஞ்ச்சாக அளந்து போயிருக்கிறான். தான் தூங்கும்போதுதான் வந்திருப்பான்.

அவருக்குத் துரோகம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. விலைதான் நெஞ்சில் குத்தியது.

"நாலாயிரமா? வாசல் கதவே ஏழாயிரம்டா!" என்று காலி வீட்டில் கத்தினார்.

பத்திரத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, காகிதத்தைக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கினார்.

வெயில் சுண்ணாம்புத் தண்ணீர்போல் தெருவெங்கும் வழிந்து கிடந்தது. ஒரு நாய் நிழலைத் தேடிப் போய் நிழலாகவே ஆகிவிட்டது. பெயிண்டர் நடந்தார் என்பதைவிட வீடுகள் அவரைக் கடந்து போயின என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் அவர் அடித்த வீடு. பச்சை வீடு, நடுவில் பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் மஞ்சளான வீடு, கணவன் ஒரு நிறமும் மனைவி ஒரு நிறமும் சொல்லி இரண்டையும் கலந்து ஒரு பேரில்லாத நிறம் ஆகிவிட்ட வீடு. வெயிலில் அந்த நிறங்களெல்லாம் சுவரை விட்டுக் கழன்று காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. நாற்பது வருடமாக அவர் மூன்று கோட்டு பெயிண்டுக்குக் காசு வாங்கி இரண்டு கோட்டு அடித்தவர். ஊரில் அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்றுதான் பேர். உலகத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் உலகம் அல்ல. எஸ்டிமேட் எப்படி எழுதுவது என்று அவருக்கே தெரியும், அதுதான் காரணம்.

தபாலாபீஸ் எதிரே படி ஏறினார். முதல் மாடி குளிர்ச்சியாக இருந்தது. எல்லாம் வெள்ளை. கிராம்பு வாசனையும் வேறு ஏதோ ஒரு மருந்து வாசனையும் சேர்ந்து வந்தன. ஒரு மூலையில் தொட்டிக்குள் இரண்டு சிவப்பு மீன்கள் அசையாமல் நின்றிருந்தன, யாரோ கண்ணாடியில் வரைந்துவிட்டுப் போன மாதிரி. மேஜை மேல் ஒரு வெள்ளைப் பொம்மை. இரண்டு தடித்த தூண்மேல் நிற்கும் கட்டடம், மேலே குண்டும் குழியுமான மொட்டை மாடி. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இதான் மாடலா?" என்றார் பெயிண்டர்.

"ஆமாங்க. உள்ள இப்படித்தான் இருக்கும்."

"சொத்தை மதிப்பீடு எழுதினது யாரு?"

"டாக்டரம்மாதாங்க."

"டாக்டர் எதுக்கும்மா சொத்தை மதிப்பீடு பண்றாங்க?"

"வேற யாருங்க பண்ணுவா?"

"யார் பேருல இருக்குன்னாச்சும் பாத்தீங்களா? என் கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லக்கூட எடுக்க முடியாது, தெரியுமா?"

அந்தப் பெண் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "அம்மாவே கையெழுத்துப் போட்டுட்டாங்களே. இப்பத்தான் உள்ள போனாங்க. எடுக்க ஆரம்பிச்சிருப்பாங்க."

பெயிண்டர் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு நீள நாற்காலியில் அவர் மனைவி படுத்திருந்தாள். கழுத்தில் பச்சைத் துணி. முகத்துக்கு மேலே ஒரு விளக்கு, பகலிலேயே நிலா வந்துவிட்ட மாதிரி. வாய் திறந்திருந்தது. பக்கத்தில் முகமூடி போட்ட ஒரு அம்மா ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பெயிண்டர் மனைவியின் வாயைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். கீழ் வலது. கீழ் இடது, ஒன்று காலி.

"இது... பல்லா?" என்றார்.

மனைவி வாயை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "பின்னே? நீங்க எப்படி இங்க வந்தீங்க? அது என்ன சட்டைக்குள்ள?"

"பத்திரம்."

"பல்லு பிடுங்குற இடத்துக்குப் பத்திரம் எதுக்கு?"

"நீ பத்திரத்தோடதானே வச்சிருந்தே அந்தக் காகிதத்த?"

"காகிதம்னா வேற எங்க வைப்போம்? அரிசி டப்பாவிலயா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா. நான் வீட்ட விக்கிறேன்னு நெனச்சீங்களா? நாலாயிரத்துக்கா?"

"அதான் எனக்கும் கோவம்."

டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். வீட்டத் தூக்கிட்டு ஓடிடுவேன்னு தோணுச்சில்ல?"

"நீ மட்டும்? வாய் நோவுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா? 'எவனோ உன் தலையில மிளகாய் அரைக்கிறான்'ம்பீங்க. இங்க வந்து சண்ட போடுவீங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இங்க வர்றது? தலகாணி உறை தச்சு நாலாயிரம் சேத்து வச்சிருந்தேன். அதுக்குள்ள முடிச்சுக்கலாம்னு பாத்தேன்."

எத்தனை மாதமாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், கடிக்கிற பல்லே வலிக்கும்போது? பெயிண்டர் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஆள். அதற்குப் பதிலாகக் காகிதத்தை டாக்டரம்மாவிடம் நீட்டினார். "நானும் எஸ்டிமேட் போடுறவன்தான். இத ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"போன தடவையே சொன்னேங்க. அம்மா காதுல வாங்கல. மொத்தத்த மட்டும் பாத்தாங்க, மொத்தமா எடுங்கன்னுட்டாங்க. இன்னைக்கு வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம்னு நேரம் குடுத்தேன்."

"இப்ப எனக்குச் சொல்லுங்க."

டாக்டரம்மா சுவரோரத் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். அறை கொஞ்சம் இருண்டது. பெயிண்டர் அப்படி ஒன்றை வாழ்நாளில் பார்த்ததில்லை. சாயங்கால நேரத்து ஏரி மாதிரி ஒரு சாம்பல் வெளி. அதில் வரிசையாக வெள்ளைப் பாறைகள், பாதி மூழ்கி, அடியில் மெல்லிய வேர்களை ஆழத்துக்குத் தொங்கவிட்டபடி. தன் மனைவிக்குள் இப்படி ஒரு ஊர் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு பாறைக்கு அடியில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு, புகை மாதிரி.

"ஈரம்" என்றார் பெயிண்டர்.

"என்னங்க?"

"அடியில ஈரம் ஏறியிருக்கு. இதுக்கு மேல பட்டி பூசினாலும் நிக்காது. உதிரும்."

டாக்டரம்மா அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "அதேதான். உள்ள நரம்பு செத்துப் போச்சு. வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி அடைக்கணும். அதுக்கு ஆறாயிரம். அப்புறம் மேல ஒரு மூடி போடணும். இல்லேன்னா பல் ஒடஞ்சிடும்."

"மூடி பன்னெண்டாயிரமா?"

"பல் நெறத்துல, பீங்கான் மாதிரி வரும்."

"கடவாய்க்குள்ள யாரு டார்ச் அடிச்சுப் பாக்கப் போறா? மட்டமான மூடி இல்லியா?"

"உலோகத்துல இருக்கு. மூணாயிரம். மட்டம்லாம் இல்ல, பார்வைக்குத்தான் வெள்ளி மாதிரி இருக்கும். நல்லா உழைக்கும்."

"அத ஏன் இதுல எழுதல?"

"கேக்கலியேன்னு..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா நிறுத்தினாள். "எழுதியிருக்கணும். தப்புதாங்க."

பெயிண்டருக்குத் திக்கென்றது. காசு வாங்குகிற இடத்தில் தப்பு என்று ஒரு வாய் சொல்லி அவர் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இதில் என்ன சூது இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம், தன்னிடம் யாரும் ஒருநாளும் கேட்காத கேள்வியை, கேட்டுவிடுவார்களோ என்று தான் நாற்பது வருடம் பயந்த கேள்வியை, எடுத்து வெளியே வைத்தார்.

"இதுல எது இல்லாம நடக்கும்?"

அவரிடம் கேட்டிருந்தால் எல்லாமே அவசியம் என்றிருப்பார். டாக்டரம்மா பேனாவை எடுத்துக் கீழ் இடது வரியில் ஒரு கோடு இழுத்தாள். இருபத்து நாலாயிரம் போயிற்று.

"பாலம்னா ரெண்டு பக்கத்துப் பல்லப் பிடிச்சு நடுவுல ஒண்ணத் தொங்கவிடறது. காலி இடம் பல வருஷமா அப்படியே இருக்கு. அவசரமில்ல. காசு இருக்கும்போது பாத்துக்கலாம். கழட்டி மாட்டுற மாதிரியும் கொறஞ்ச செலவுல போடலாம். மேல் இடது ரெண்டும் சின்ன ஓட்டை. அடுத்த மாசம் ஒண்ணு, அதுக்கடுத்த மாசம் ஒண்ணுன்னு அடைச்சுக்கலாம். ஆனா தள்ளிப் போட்டுக்கிட்டே போனா அதுவும் கீழ் வலது மாதிரி ஆயிடும். அப்ப மூணாயிரம் பதினெட்டாயிரம் ஆகும்."

"இவ அந்த ரெண்டையும் பிடுங்கச் சொன்னாளா?"

"சொன்னாங்க."

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். "ஏன்டி, பட்டி பாத்தாப் போதும்கற சுவத்த இடிப்பியா?"

"எனக்கென்ன தெரியும்? ஆளாளுக்குக் கீழ்ங்கறீங்க மேல்ங்கறீங்க. பிடுங்கினா ஆயிரம், வச்சா பதினெட்டாயிரம். அது மட்டும்தான் எனக்குப் புரிஞ்சுது."

"பிடுங்கறது கொறஞ்ச வெலதாம்மா" என்றாள் டாக்டரம்மா. "ஆனா அது மொத வெலதான். பல்லு எடுத்த எடத்துக்குப் பக்கத்துப் பல் சாயும். மேல் பல் எறங்கும். அப்புறம் கட்டுற பல்லு, அதுக்கு ஒரு செலவு. மேல் வலது ஆடுது, அத எடுக்கத்தான் வேணும், அதுல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்தக் கீழ்ப் பல்லுதான் முடிவு பண்ண வேண்டியது."

பெயிண்டர் விரல் விட்டுக் கூட்டினார். ஆறும் மூணும் ஒன்பது. அடைக்க மூணு. பிடுங்க ஒண்ணு. பதின்மூணு. நாற்பத்தாறு எங்கே, பதின்மூணு எங்கே?

"ஆறாயிரத்த ஒரே மூச்சுல வாங்குவீங்களா?"

"மூணு தடவ வரணும். தடவைக்கு ரெண்டாயிரம் குடுங்க, போதும். இன்னும் கொறைக்கணும்னா காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. பாதிக்கும் கீழ ஆகும். படிக்கிற பசங்க செய்வாங்க, பெரியவங்க கூட நின்னு பாப்பாங்க. வேலை நல்லாத்தான் இருக்கும், ஆனா ஏழெட்டு நடை நடக்கணும்."

"ஒங்க வியாபாரத்த நீங்களே கெடுத்துக்கறீங்க."

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். இன்னொண்ணும் இருக்கு, அதையும் கேட்டுக்குங்க. தொறந்து பாத்தாத்தான் தெரியும். வேருல கீறல் விட்டிருந்தா எதுவும் பண்ண முடியாது, எடுத்துத்தான் ஆகணும். அப்படின்னா பிடுங்குற ஆயிரம் மட்டும்தான் வாங்குவேன்."

"எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பெயிண்டர் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார். திரையில் அந்தச் சாம்பல் ஏரி அசையாமல் கிடந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். வாயைத் திறந்தார். அப்புறம், பல் இருப்பது தன் வாயில் இல்லை என்பது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வாய் உன்னுது. நீ சொல்லு" என்றார்.

அவள் கன்னத்துக்குள் நாக்கு போய் அந்தப் பல்லைத் தொட்டுத் தடவுவது வெளியே தெரிந்தது.

"பிடுங்கினா வலி இன்னையோட போயிடும்ல?" என்றாள்.

"ரெண்டுலயும் வலி போயிடும்மா."

"மூணு தடவ இந்த நாக்காலியில படுக்கணுமா?"

"படுக்கணும்."

மறுபடி நாக்கு போய்த் தொட்டுவிட்டு வந்தது.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "பாவம், அது ஒண்ணுதான் உழைச்சுது."

பெயிண்டரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்டது. எங்கோ தூரத்து மரத்தில் தேனீக் கூட்டம் இருக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தில் கண் சொக்கியது. அவர் ஒரு சின்னப் படகில் அந்தச் சாம்பல் ஏரியில் போய்க்கொண்டிருந்தார். துடுப்புப் போடப் போட வெள்ளைப் பாறைகள் இரண்டு பக்கமும் உயர்ந்து உயர்ந்து நின்றன. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஏரி ஏறி ஏறி இறங்கியது. நடுவில் ஒரு பாறை மட்டும் கதவு திறந்த வீடுபோல் இருந்தது. உள்ளே ஒரு விளக்கு அலைந்தது. யாரோ குனிந்து எதையோ தேடுகிறார்கள். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்கப் பார்த்தார். குரல் வரவில்லை. கீறல் இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று படகு தானாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. அந்தப் பாறையை அவர் சுற்றினார், சுற்றினார். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. எண்ணாமல் அவர் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா."

கண் விழித்தார். டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு நின்றாள். நெற்றியில் வேர்வை.

"கீறலா?" என்றார்.

"இல்ல. வேர் நல்லா இருக்கு. ஒரு எடத்துல வளைஞ்சு இருந்துச்சு, அதான் நேரமாயிடுச்சு. பல்லு நிக்கும். ஆடுன மேல் பல்ல எடுத்துட்டேன். அடுத்த புதன் வாங்க."

பெயிண்டர் தலையாட்டினார். ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. "வளைஞ்ச எடத்துக்குத் தனிக் காசு உண்டா?" என்று மட்டும் வந்தது.

"கிடையாதுங்க."

மனைவி பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை அவிழ்த்து மூவாயிரத்தை எண்ணி மேஜையில் வைத்தாள். மீதி ஆயிரத்தைத் திரும்ப முடிந்துகொண்டாள். மேஜைப் பெண் ரசீது கொடுத்தாள். பெயிண்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் வைத்தார்.

தெருவில் வெயில் இறங்கி, எல்லாச் சுவரும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. அவள் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தாள். உதடும் கன்னமும் மரத்துப் போனதாலும் வாயில் பஞ்சு இருந்ததாலும் சொல்லெல்லாம் எலும்பில்லாமல் வந்தது. "ஒங்ஙளுக்கு... வீழ்ழ வித்துழ்ழு..." என்று நீளமாக ஏதோ போயிற்று. கையைப் பார்த்தால் திட்டு என்று தெரிந்தது. வீடு, பத்திரம், நாற்பது வருடம் எல்லாம் அதில் இருந்திருக்கும். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"ம்" என்றார் பெயிண்டர். "ஆமா. சரி. நீ சொல்றதுதான்."

அவள் நின்று அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூச்சில் மூன்று சரி அவள் கேட்டதில்லை. சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகம் சிரித்தது. மறுபாதி தூங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் அதுவும் விழித்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். பெயிண்டர் அதை நம்பவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தார்.